வெறுங்கால் மிஸ்

என் புள்ளக்காம்பராவின் பின்சுவர் ஈரத்தில் ஊறுகிறது என்று நான் சொல்லாத ஆள் இல்லை. தோட்டத்து ஆபீஸில் சொன்னேன், சங்கத் தலைவரிடம் சொன்னேன், சுகாதாரக் கந்தோரிலிருந்து வந்தவர்களிடமும் சொன்னேன். எல்லாரும் வாசலில் நின்றபடியே தலையாட்டி எழுதிக்கொண்டு போனார்கள். புதிதாக வந்த மிட்வைஃப் மிஸ்தான் உள்ளே வந்தார். பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை மிதித்துவிடாமல் தாண்டிப் போய், உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தார். அது போதாதென்று குனிந்து கன்னத்தையும் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

“ஓம் அக்கா,” என்றார். “கீழ ரெண்டடிதான் ஈரம். மேல காய்ஞ்சு கிடக்கு. இது கூரைத் தண்ணி இல்லை, நிலத்தால ஏறுது. பிள்ளையளை இந்தப் பக்கம் படுக்க விடாதேங்கோ.”

அன்றைக்கே பாய்களை முன்பக்கம் மாற்றினேன். அந்த மாதம் இருமல் குறைந்தது.

அம்மாக்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறபோது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் புள்ளக்காம்பரா. நான் அதன் பொறுப்பாள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயதுதான், ஆனாலும் தோட்டத்தில் எல்லாருக்கும் ஆயம்மா. மிஸ் மட்டும் அக்கா என்றார். மிஸ்ஸுக்கு முப்பது இருக்கும். பேரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. “என்னைப்பற்றி என்னத்துக்கு அக்கா?” என்று கோபித்துக்கொள்வார்.

எதையும் தொட்டுப் பார்த்தால்தான் மிஸ்ஸுக்கு நம்பிக்கை. பிள்ளைத்தாய்ச்சி யாராவது பதுளையில் எடுத்த ஸ்கேன் துண்டைக் காட்டினால் கவனமாகப் படிப்பார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைப்பார். “குளிர்ந்த கையால தொட்டா உள்ள இருக்கிற ஆளுக்குப் பிடிக்காது,” என்பார். மாப்பால் கரைத்தால் போத்தலை என் கையிலிருந்து வாங்கி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் கேட்கமாட்டார். முதலில் எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அடுத்தவர் சொன்னதை வைத்து அவருக்கு வேலை செய்ய வராது, அவ்வளவுதான்.

கை அப்படி என்றால், கால் அதற்கு மேல்.

மிஸ்ஸுக்குச் சொந்த ஊர் மன்னார்ப் பக்கம், கடற்கரை. எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒரு தை மாதத்தில் மிஸ் வந்து இறங்கினார். தையில் எங்கள் பக்கம் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் சேருவதற்கு முன்னாலேயே நான் காம்பராவைத் திறந்துவிடுவேன். மிஸ் வந்த மறுநாள் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறேன், பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் ஓடி வருகிறது. தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், மேலே இரண்டு சுவெட்டர். கீழே பார்த்தால் கால் வெறுமையாக இருக்கிறது.

“மிஸ்! என்னா ஆச்சு? யாராவது வெரட்டுறாங்களா?”

“இல்லை அக்கா, சும்மா ஓடுறன். ஒவ்வொரு நாளும் ஓடுறனான்.”

“செருப்பு?”

“அறையில கிடக்கு.”

அதற்கு மேல் பேச முடியாமல் பற்கள் அடித்துக்கொண்டன. திரும்பி வரும்போது இரண்டு கணுக்காலிலும் அட்டை. கொழுத்துத் தொங்குகிறது. மிஸ் அதைப் பார்த்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “நோகவே இல்லை அக்கா! ரத்தம் மட்டும் வருது!” நான் உப்பைப் போட்டுத் தட்டிவிட்டேன். அப்போது பார்த்தால் வலது குதிகாலில் கண்ணாடித் துண்டு வேறு ஏறியிருந்தது. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதுதான் அவரைப் பயப்படுத்தியது. அட்டையை விட, ரத்தத்தை விட, கால் ஒன்றும் சொல்லவில்லையே என்பதுதான். குளிரில் மரத்துப் போயிருந்தது. “எங்கட ஊரில எட்டு மணிக்கே மணல் சுடத் தொடங்கிடும். விடிய ஈர மணலில ஓடுவன், அடுத்த அடி எங்க வைக்கோணும் எண்டு கால் சொல்லும். இங்க என்ர கால் செவிடாப் போச்சு,” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு சப்பாத்தை மாட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஓட்டத்தை விட்டிருப்பார்கள். மிஸ் மூன்று வாரம் ஓடவில்லை, நடந்தார். வெறுங்காலோடு, மெதுவாக. தார் எங்கே தேய்ந்து சல்லி வெளியே வந்திருக்கிறது, மதகுக்குப் பக்கத்தில் எங்கே பாசி பிடித்திருக்கிறது, காலை வெயில் முதலில் எந்தத் துண்டில் விழுகிறது, எல்லாவற்றையும் மிதித்து மிதித்துப் படித்தார். போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் கேள்விதான். “இது என்ன வேர்?” “இந்த இடம் எப்பவும் இப்பிடி வழுக்குமோ?” மலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற பெண்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எல்லாரும் சிரிக்கவில்லை. பரமேஸ் சிரிக்கவில்லை.

பரமேஸ், மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராக்காரி. கொழுந்தெடுப்பதிலும் கெட்டி, வாயிலும் கெட்டி. இரண்டு பிள்ளைகள். சின்னவனை என்னிடம் விடுவாள். ஒருநாள் அவன் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, “மிஸ்ஸும் போடல, நானும் போடமாட்டேன்,” என்று முற்றத்துச் சேற்றில் ஓடினான். அந்த வாரம் கிளினிக் நாளில், நிறை பார்க்க அம்மாக்கள் வரிசையில் நிற்கிற இடத்தில், பரமேஸ் மிஸ்ஸின் முன்னால் போய் நின்றாள்.

“மிஸ், ஒன்னு கேக்கட்டுமா? சுவத்துல படம் ஒட்டியிருக்கீங்க, செருப்புப் போடுங்க, கால் வழியா பூச்சி ஏறும்னு. எங்கம்மா செருப்பில்லாமதான் மலைக்குப் போச்சு. வாங்க வழியில்லாம போச்சு. ரத்தம் செத்து, ஒடம்பு வெளுத்து, நாப்பது வயசுல கெழவியாச்சு. நான் என் புள்ளைங்களுக்குச் செருப்பு போட்டுவிட்டுப் பழக்கிக்கிட்டு இருக்கேன். நீங்க படிச்சவங்க, வெறுங்கால்ல ஓடிக் காட்டுறீங்க. அது உங்களுக்கு வெளாட்டு. எங்களுக்கு வெளாட்டு இல்ல.”

எனக்கே பயமாகிவிட்டது, அரசாங்க உத்தியோகத்தரிடம் இப்படிப் பேசினால் என்ன ஆகுமோ என்று. மிஸ்ஸின் முகம் சிவந்துபோனது. தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் சொல்லுறது சரி,” என்றார் கடைசியில். “நான் யோசிக்கேல்லை. பிழை என்ரதுதான்.”

அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கிற நாள். முதல் குளிசையை மிஸ் எல்லாருக்கும் முன்னால் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு லயத்துக்குள்ளும் கிளினிக்கிலும் என் காம்பரா முற்றத்திலும் சப்பாத்து இல்லாமல் அவரை யாரும் பார்க்கவில்லை. ஓட்டத்தைப் பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னால் முடித்துக்கொண்டார். அதுவும் தார் ரோட்டில் மட்டும், தொழிற்சாலைத் திருப்பத்திலிருந்து லயங்களுக்கு மேலே இருக்கிற கோயில் வளைவு வரைக்கும்.

பரமேஸுக்கு அது போதுமாக இருந்தது. கோபம் வருகிற வேகத்தில் போய்விடுகிற ஆள் அவள். மிஸ்ஸுக்கு இறக்கத்தில் இறங்கப் பழக்கியவளும் அவள்தான். மிஸ் ஏற்றத்தை எப்படியோ சமாளித்துவிடுவார். இறக்கத்தில்தான் விழுவார். “எங்கட ஊரில ஏற்றம் எண்டாலும் இறக்கம் எண்டாலும் பாலம் ஒண்டுதான் அக்கா,” என்பார், முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டே. ஒரு மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பரமேஸ், தேயிலைக்குள்ளே இறங்குகிற ஒற்றையடிக் குறுக்குப் பாதையில் மிஸ் தவிப்பதைப் பார்த்தாள்.

“குதிகாலை ஊனாதீங்க மிஸ். கோழி மாதிரி போகாதீங்க. சாஞ்சு, ஒரு பக்கமா வாங்க. முட்டிய எறுக்கி வைக்காதீங்க. செடித் தூர் ஓரமா மிதிங்க, வேரு புடிச்சிருக்கும், வழுக்காது. தலையில கூடை இருக்குன்னு நெனச்சுக்கங்க.”

“கூடை இருந்தா இன்னும் விழுவனே!”

“கூடை இருந்தா விழமாட்டீங்க. கொழுந்து கொட்டிருமேங்கிற பயம் இருக்கும்ல!”

மலையே கேட்கிற மாதிரி இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பரமேஸ் முன்னாலும் மிஸ் பின்னாலுமாக அந்தப் பாதையில் இறங்குவதைப் பார்ப்பேன். ஆடி ஆவணிக்குள் மிஸ் எங்களில் ஒருத்தி மாதிரி இறங்கினார். பரமேஸ் அப்போது மூன்றாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். மிஸ் பிள்ளைத்தாய்ச்சிகளின் பேர் எழுதுகிற கொப்பியில் அவள் பேரும் ஏறியது.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மழை நீண்டால், லயத்தோடு ஆட்களை மண் மூடின மீரியபெத்த ஞாபகம் வராமல் இருக்காது. எங்கள் தலைவருக்குத் தங்கை முறையான ஒருத்தி அங்கேதான் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். மண்ணிலிருந்து அவளை எடுக்கவே இல்லை. மழை அளக்கிற போத்தல் ஒன்று தலைவர் வீட்டு முற்றத்தில் இருந்தது. காலையும் மாலையும் போய்ப் பார்ப்பார். கோடு வரைக்கும் தண்ணீர் ஏறினால் எல்லாரும் வெளியேற வேண்டும். ஏறவில்லை. பத்தாம் நாள் வெளுத்துவிட்டது. எல்லாரும் துணி காயப்போட்டோம்.

வெளுத்து இரண்டாவது நாள் காலையில், மிஸ் ஓடப் போனவர் பாதியில் திரும்பி என் வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கவில்லை. முகம்தான் ஒரு மாதிரியாக இருந்தது.

“அக்கா, ஒருக்கா வாங்கோ. ஒண்டைக் காட்டோணும்.”

கோயில் வளைவுக்குப் போனோம். பார்வைக்கு ஒன்றும் இல்லை. ரோட்டு ரோட்டாகத்தான் இருந்தது. “செருப்பைக் கழட்டிப்போட்டு இதில நில்லுங்கோ,” என்றார். ரோட்டில் வெறுங்காலை வைத்து எத்தனை வருஷமோ. கழற்றினேன். மற்ற இடத்தில் தார் வெயிலுக்கு இளஞ்சூடாக இருந்தது. மிஸ் காட்டிய இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. காலை அழுத்தினால் ஈரச் சாக்கை மிதித்தது போல லேசாக அமுங்கியது.

“முந்தநாள் இப்பிடி இருக்கேல்லை,” என்றார் மிஸ். “மழை நிண்ட பிறகு எப்பிடி ஈரம் கூடும்?”

நான் கீழே எட்டிப் பார்த்தேன். அந்த வளைவுக்கு நேர் கீழேதான் மேல் லயம். பதினான்கு குடும்பம்.

தலைவர் நல்ல மனிதர். இருந்தாலும் அவருக்குச் சங்கடமாக இருந்தது. “மிஸ், நீங்க கரையோரத்து ஆளு. நாங்க இந்த மலையிலேயே பொறந்து வளந்தவங்க. போத்தல் கோட்டத் தொடல. மழ நின்னு ரெண்டு நாளாச்சு.”

“அதுக்குத்தான் அண்ணன் உங்களைக் கூப்பிட வந்தனான்,” என்றார் மிஸ். “எனக்கு இந்த மலையைத் தெரியாது. இது வழமையோ, வழமை இல்லையோ எண்டு நீங்கள்தான் சொல்லோணும். ஒருக்கா வந்து நிண்டு பாருங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்.”

தலைவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நின்றார். ஒரு கால், பிறகு மறுகால். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கீழே லயத்துக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “சாமான மூட்ட கட்டச் சொல்லுவோம்,” என்றார்.

ஆபீஸுக்கு அறிவித்தோம். பதுளையில் மண்சரிவு பார்க்கிற கந்தோருக்கும் போன் செய்தோம். அதிகாரிகள் வருவதாகச் சொன்னார்கள், மூன்று நாள் ஆகும் என்றார்கள். ஆபீஸில் பெரிய கிளாக்கர் சிரித்தாராம். ஓடுறவ சொல்லை நம்பி லயத்தையே காலி பண்ணுறீங்களா என்று. இருந்தாலும் பதினான்கு குடும்பமும் எதிர் மேட்டிலிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனது. மிஸ் எல்லாருக்கும் முன்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. வானம் நீலமாக, ஒரு மேகம் இல்லாமல், எங்களைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர். சமைக்க இடமில்லை, குளிக்க இடமில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கவில்லை. முணுமுணுப்பு தொடங்கியது. மிஸ் கேட்காத மாதிரி எல்லாருக்கும் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருந்தபோது என்னிடம், “அக்கா, நான் பிழை விட்டிட்டனோ? என்ர காலுக்கு என்ன தெரியும்?” என்றார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்தபோது நாலு குடும்பம் லயத்துக்குத் திரும்பியிருந்தது. முதலில் போனவள் பரமேஸ். ஆறு மாத வயிற்றோடு சிமெந்துத் தரையில் இரண்டு இரவு படுத்தவளை நான் எப்படிக் குற்றம் சொல்வது? புருஷன் கொழும்பில் வேலை, இரண்டு பிள்ளைகளோடு தனி ஆள்.

அன்று காலை மிஸ்ஸும் நானும் வளைவுக்குப் போனோம். தூரத்திலேயே தெரிந்தது. ரோட்டின் வெளிப்பக்கம் அரையடி இறங்கியிருந்தது. வெடிப்பு ஒரு கோடாக வளைவு முழுக்க ஓடியது. அதற்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து ரோட்டில் சேறாகப் பரவியிருந்தது. மிஸ் அதற்குள் இறங்கி நின்று பார்த்தார். கணுக்கால் வரைக்கும் புதைந்தது.

“அக்கா, நீங்கள் வந்த வழியால திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்தில சொல்லுங்கோ. ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. நான் லயத்துக்குப் போறன்.”

“ரோட்டால சுத்தி வாங்க மிஸ், நானும் வாறேன்!”

“சுத்திப் போக முக்கால் மைல்,” என்று சொல்லும்போதே அவர் குறுக்குப் பாதைக்குள் இறங்கிவிட்டார்.

நான் இரண்டு வினாடி அங்கேயே நின்றேன். மழையில் ஊறின பாதை, அதுவும் செங்குத்து. மிஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செடித் தூர் ஓரமாகவே காலை வைத்து, முழங்காலைத் தளர்த்தி, ஓடினார். நான் அதுவரை மலையில் பிறந்தவர்களைக்கூட அந்த வேகத்தில் இறங்கிப் பார்த்ததில்லை. ஒரு இடத்தில் விழுந்தார். உட்கார்ந்தபடியே இரண்டு செடி தூரம் சறுக்கினார். எழும்பினார், மறுபடி ஓடினார். பிறகு நானும் திரும்பி ஓடினேன்.

லயத்தில் நடந்ததைப் பரமேஸ் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்ததாம். மிஸ் வாசலில் வந்து நின்று மூச்சு வாங்குகிறார், பேச்சு வரவில்லை. “திரும்பவுமா மிஸ்? என்னால முடியாது. இடுப்பு விட்டுப்போச்சு. நான் வரல,” என்று சொல்லிக்கொண்டே பரமேஸ் திரும்பினாளாம். அப்போதுதான் மிஸ்ஸின் கால் கண்ணில் பட்டது. கணுக்கால் வரைக்கும் சேறு. பாதையில் ஒட்டியிருந்த செம்மண்ணுக்கு அடியில் வெள்ளையும் மஞ்சளுமாக, பிசின் மாதிரி ஒரு களி.

“இந்த மண்ணு எங்க இருந்து ஒட்டுச்சு?”

“வளைவில. வெடிப்புக்குள்ளால தண்ணியோட வருது.”

பரமேஸ் குனிந்து அந்தக் களியை விரலால் வழித்துப் பார்த்தாள். கக்கூஸ் குழி வெட்டுகிறபோது, ஆளுயரத்துக்குக் கீழே போன பிறகுதான் அந்த மண் வரும். பாறைக்கு மேலே படுத்திருக்கிற மண் அது. மேலே வர அதற்கு எந்த வேலையும் இல்லை.

“அடிமண்ணு மிஸ் இது,” என்றாள். “அடிமண்ணு நகருது.”

மிஸ்ஸுக்கு அதன் அர்த்தம் தெரியாது. பரமேஸுக்குத் தெரியும். அடுப்பை அணைக்கக்கூட இல்லை. ஒரு பிள்ளையை மிஸ் தூக்க, ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி லயம் நெடுக, “அடிமண்ணு வெளிய வந்துருச்சு, எறங்குங்க, எறங்குங்க!” என்று கத்திக்கொண்டே போனாள். மற்ற மூன்று குடும்பத்துக்கும் அந்த ஒரு வார்த்தை போதும்.

பதினொரு மணி இருக்கும். பள்ளிக்கூட முற்றத்தில் தலைவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எதிரே வளைவுக்குக் கீழ் மலை அசைந்தது. முதலில் மண் தெரியவில்லை. தேயிலைச் செடிகள் நட்ட வரிசை கலையாமல் அப்படியே கீழே நடந்து வந்தன. பிறகுதான் வரிசை உடைந்து, செம்மண் கொப்பளித்து, எல்லாம் ஒன்றாகியது. புழுதி அடங்கியபோது வளைவு இல்லை. மேல் லயத்தின் பாதி இல்லை. பரமேஸின் காம்பராவும் அடுப்பிலிருந்த சோறும் எங்கே என்று சொல்ல அடையாளமே இல்லை.

தலைவர் திரும்பவும் எண்ணினார். மூன்றாவது தரமும் எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து அழுத அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது. எங்களுக்காக மட்டும் அழுத மாதிரி அது இல்லை.

மிஸ்ஸைக் காணவில்லை. தேடிப் போனேன். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். முதுகைத் தடவினேன். “ரெண்டு நாளா இவையளை அலைக்கழிக்கிறன் எண்டு நினைச்சனான் அக்கா. நேற்று நானே போகச் சொல்லுவம் எண்டு இருந்தனான். சொல்லியிருந்தா?” என்றார். “சொல்லலையே மிஸ்,” என்றேன். தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு முகம் கழுவக் கொடுத்தேன்.

அதிகாரிகள் மறுநாள் வந்தார்கள். அதில் ஒரு இளம் அதிகாரி, சிங்களப் பிள்ளை, கொஞ்சம் தமிழ் பேசுவார். எந்த நாளில், எந்த இடத்தில், எப்படித் தெரிந்தது என்று மிஸ்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மிஸ் பரமேஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். “நான் மிதிச்சது மட்டும்தான். அது என்ன எண்டு சொன்னது இவ,” என்றார். அந்த அதிகாரி பரமேஸின் பேரை முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவள் அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள்.

பிறகு நடந்ததெல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம், தகரக் கொட்டிலில் ஒன்றரை வருஷம். காணி தருகிறோம் என்றார்கள், இழுத்தார்கள். தலைவர் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. மிஸ் ஓடுவதை நிறுத்திவிட்டார். நேரத்துக்குக் கிளினிக்குக்கு வருவார், வேலையைச் செய்வார், சப்பாத்தோடு போவார். ஒரு மாதம் கழித்து, வயிறு எட்டாம் மாதத்தில் முன்னுக்குத் தள்ளி நிற்க, பரமேஸ்தான் கேட்டாள்.

“என்னா மிஸ், கால் கையெல்லாம் துருப் புடிச்சிருச்சா? ஓடலையா?”

“பயமாக் கிடக்கு பரமேஸ். ஒவ்வொரு அடியும் ஏதோ சொல்லுற மாதிரி.”

“சொன்னா கேட்டுக்கங்க. சொல்லாட்டி ஓடுங்க. நீங்க ஓடாம இருந்தா மலை பத்திரமாயிருமா?”

மறுநாள் காலை மிஸ் ஓடினார். தொழிற்சாலைத் திருப்பத்திலிருந்து இந்தப் பக்கம், பள்ளிக்கூடத்து ரோட்டில். பள்ளிக்கூட வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்ற ஆண்கள்கூட வழி விட்டு நின்றார்கள். தலைவர் எழுந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாசியில் பரமேஸுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ. அடுத்த வருஷம் மிஸ்ஸின் அப்பா படுக்கையில் விழுந்ததால் மாற்றம் கேட்டு மன்னாருக்கே போனார். இப்போது நாங்கள் இருக்கிற இடம் சரிவு குறைந்த ஒரு மேடு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, முன்னால் நாலு ரோஜாச் செடி, பின்னால் லீக்ஸும் கரட்டும் போட ஒரு துண்டு. என் புள்ளக்காம்பராவும் புதிது. பின்சுவரை நான் தொட்டுப் பார்த்துத்தான் சாவியை வாங்கினேன்.

மழைக்காலத்தில் பரமேஸும் நானும் இன்னும் இரண்டு பெண்களும் முறை வைத்துக்கொண்டு, குடியிருப்புக்கு மேலே போகிற ரோட்டைக் காலையில் நடந்து பார்க்கிறோம். அந்த இளம் அதிகாரி தன் நம்பரைத் தந்திருக்கிறார். எப்போதாவது அவரே எடுத்துக் கேட்பார். முதல் வருஷம் ஐப்பசியில் மிஸ் போன் பண்ணியபோது இதைச் சொன்னேன்.

“ஒரு கொப்பியில எழுதுறீங்களோ அக்கா?”

“எழுத என்னா இருக்கு மிஸ்? எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“அதை எழுதுங்கோ. ஒண்டுமில்லை எண்டா, ஒண்டுமில்லை எண்டு எழுதுங்கோ. நல்லா இருந்த நாள் எப்பிடி இருந்தது எண்டு தெரிஞ்சாத்தானே மற்றதும் தெரியும்.”

இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. எங்கே திறந்தாலும் பக்கம் பக்கமாக ஒரே வரிதான், நாலு பேரின் கையெழுத்தில். பரமேஸின் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும். இன்று காலை என் முறை. நல்ல பனி. போய், மதகு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து காலைத் துடைத்துவிட்டு, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் எழுதிவைத்தேன்: இன்றைக்கு ஒன்றுமில்லை.